நான்காவது இடத்துக்கு நான் வழங்கிய தீர்ப்புகள்

வாசகரே, சாட்சியாக வந்து அமருங்கள். தீர்ப்புச் சொல்லும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். அந்த வேலையை அளவுக்கு மீறி நானே செய்து முடித்திருக்கிறேன். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வாருங்கள். எங்காவது என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லை வளைக்கிறேன் என்று தோன்றினால், அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அது போதும்.

நான் பேசுகிறவன். செகந்திராபாத்தில் பிறந்து, பள்ளியில் தெலுங்கும் தெருவில் உருது கலந்த இந்தியும் கேட்டு வளர்ந்தாலும், மேடையில் என் மொழி தமிழ். எங்கள் ஆலயத்து வாலிபர் கூட்டத்தின் பேச்சுப் போட்டியில் பதினொரு வயதில் ஏறியவன், பத்து ஆண்டுகளாக இறங்கவில்லை. கோப்பைகள் அலமாரியை நிரப்பிவிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் குடியேறியிருக்கின்றன. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பொய்யான அடக்கம் எனக்கு வராது. முதல் மணி அடித்ததும் குரலை எங்கே உயர்த்துவது, இரண்டாம் மணிக்கு முன் எந்தச் சொல்லில் நிற்பது, நின்றபின் எத்தனை நொடி மௌனம் காப்பது என்பதெல்லாம் என் மூச்சோடு கலந்தவை. விவாத மேடை எனக்குக் கற்றுத்தந்த விதிகளில் தலையாயது ஒன்று உண்டு. எதிரணியின் வாதத்தை, அவர்களே தலையசைத்து ஒப்புக்கொள்ளும் வடிவில் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அதை உடைக்க வேண்டும். முகம் தெரியாத எத்தனையோ எதிர்ப்பேச்சாளர்களுக்கு இந்த மரியாதையை நான் தவறாமல் செலுத்தியிருக்கிறேன். என் குடும்பத்துக்குள் புதிதாக வந்த ஒருவருக்கு ஏழு வாரம் அதை மறுத்தேன். வழக்கு அதுதான்.

சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை நாங்கள் நால்வர் இணையத்தில் கூடி விளையாடுவோம். பொதுமுடக்கக் காலத்தில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதபோது தொடங்கிய பழக்கம். கதவுகள் திறந்த பிறகும் நின்றுவிடவில்லை. நான், என் அக்கா, லோத்குண்டாவில் இருக்கும் பெரியப்பா மகள், மல்லாபூரில் இருக்கும் சித்தி மகன். பெரியப்பா மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்தை ஒருநாளும் என்னை மறக்கவிடாதவள். சித்தி மகன் எங்களில் இளையவன். தோற்றால் அன்றிரவு சாப்பிட மாட்டான்.

விளையாட்டு எளிது. ஒரு கற்பனை நகரம், நால்வர் நால்வராக இரண்டு அணிகள், நகரின் நடுவே ஒரு கொடிமேடை. பத்து நிமிடம் முடியும்போது மேடை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வென்றவர்கள். அடிபட்டு வீழ்ந்தவரைக் கூட்டாளி ஒருவர் அரை நிமிடத்துக்குள் வந்து தொட்டால் அவர் எழுந்துவிடலாம், இல்லையென்றால் வெளியே. ஒவ்வொரு அணியிலும் ஒருவர் ஒலிவாங்கியில் மற்றவர்களை வழிநடத்துவார். எங்கள் அணியில் அது யார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த நகரத்தின் இடங்களுக்கு, விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே எங்கள் ஊர்ப் பகுதிகளின் பெயர்களை நாங்களே வைத்தோம். புகைக்குழாய்கள் நிற்கும் கிடங்குப் பகுதி மல்லாபூர். நீண்ட மதிலும் மதிலுக்குப் பின்னே வெறும் புல்வெளியுமாகக் கிடக்கும் ஓரம் லோத்குண்டா. தோட்டம் வைத்த வீடுகள் வரிசையாக, ஆள் அரவமின்றி இருக்கும் தெரு சைனிக்புரி. கொடிமேடைக்கு ஏறும் செங்குத்தான படிக்கட்டு, நாங்கள் ஓயாமல் விழுந்து சாகும் இடம், பெரியப்பா வீட்டு மாடி. பெரியப்பாவின் பழைய வீட்டில் அப்படி ஒரு படிக்கட்டு இருந்தது. நாங்கள் நால்வரும் தலா ஒருமுறை அதில் உருண்டிருக்கிறோம். ஆண்டுகள் போகப்போக இவை நாங்கள் வைத்த பெயர்கள் என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

அக்காவுக்குத் திருமணம் ஆயிற்று. அத்தான் கோயம்புத்தூர்க்காரர். கணினி நிறுவனத்து வேலைக்காக ஹைதராபாத் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கொம்பள்ளியில் வீடு எடுத்தார்கள். அக்கா ஒரு மருத்துவமனையில் செவிலியர். திருமணத்துக்குப் பின் அவளுக்குச் சனிக்கிழமை மாலைப் பணி விழுந்தது. "என் இடத்துல அவுக ஆடட்டும். வீட்டுல இருந்துதான் வேலை, பேச ஆளே இல்ல. நீங்க சேத்துக்கிடுங்கல" என்றாள். அத்தானுக்கு இருபத்தொன்பது வயது. இத்தகைய விளையாட்டை அதற்குமுன் அவர் தொட்டதில்லை.

முதல் சனிக்கிழமையே சிக்கல் தொடங்கியது.

"அத்தான், மல்லாபூர்ல ரெண்டு பேரு! மல்லாபூர்!" என்று முழங்கினேன்.

"சரிங்க தம்பி," என்றார். திரையில் அவருடைய உருவம் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

"அண்ணா, அத்தான் தொட்டில வச்ச செடி மாதிரி நிக்கிறாரு," என்றான் சித்தி மகன்.

"லோத்குண்டா போங்க அத்தான், மதில் ஓரமா!"

"போறனுங்க," என்றவர் நேராக எதிரிகள் நால்வருக்கும் நடுவில் போய் நின்றார்.

"நக்கோ அத்தான், நக்கோ!" என்று பெரியப்பா மகள் அலறினாள். 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அது. அத்தானுக்கு அதுவும் தெரியாது.

தோல்வி. அடுத்த வாரமும் தோல்வி. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் நான் தீர்ப்பு வழங்குவது எங்கள் வழக்கம். நடுவரின் தொனியில், காரணங்களை எண்ணிட்டு, யார் பிழை என்று அறிவிப்பேன். அக்கா காலத்தில் அது வெறும் கேலிக்கூத்து. அவள் பாதியிலேயே "வாயை மூடுல" என்பாள், நானும் மூடுவேன். அத்தான் அப்படிச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கிறவர் கிடைத்தால் பேச்சாளன் நீளுவான்.

ஐந்தாம் வாரத்துத் தீர்ப்பை, வெட்கத்தோடு, சொல்லுக்குச் சொல் உங்கள் முன் வைக்கிறேன்.

"மாண்புமிகு உறுப்பினர்களே, இன்றைய தோல்விக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அத்தானைக் கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகிறார். இரண்டாவது, மேற்கேயும் தாமதமாகத்தான் போகிறார். மூன்றாவது..." இங்கே நிறுத்தினேன். நிறுத்தத்தின் வலிமையை நான் அறிவேன். "மூன்றாவது, எதிரணியில் நம்மைவிட ஒருவர் கூடுதல். அவர் நம் அத்தான்."

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். "நல்லாச் சொன்னீங்க தம்பி. அடுத்த வாரம் பாத்துக்கறேனுங்க," என்றார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஒவ்வொரு சொல்லின் வாலிலும் மரியாதை வைத்து. அந்தச் சிரிப்பை நான் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் வாரம் முடிந்த புதன்கிழமை நண்பகல், அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்போடு கொம்பள்ளிக்குப் போனேன். அக்காவுக்கு அன்று விடுப்பு. அத்தான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். கூடத்து மேசையில் அவருடைய காதொலிப்பான். அதன் அடியில் ஒரு தாள்.

எடுத்துப் பார்த்தேன். விளையாட்டு நகரத்தின் வரைபடம். பென்சிலால், அளவுகோல் வைத்து, ஒரு பொறியாளருக்கே உரிய சுத்தத்தோடு வரைந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் அதன் அச்சிட்ட ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தது. ஓரத்தில் தமிழில் ஒரு பட்டியல். 'மல்லாபூர் – ஆற்றங்கரையா? இல்லை. கிடங்கா?' 'லோத்குண்டா – பாலத்துக்குப் பின்னால்? இல்லை.' 'சைனிக்புரி – ?' கடைசியில், இரண்டு முறை அழித்து எழுதிய தடத்தோடு: 'பெரியப்பா வீட்டு மாடி – ???'

வாசகரே, இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகிறார் என்று தீர்ப்பளித்தேனே, ஆட்டத்தின் நடுவே 'கிழக்கு' என்ற சொல்லை ஏழு வாரத்தில் நான் ஒருமுறையும் உச்சரித்ததில்லை.

அக்கா தட்டைத் துடைத்தபடி வந்து நின்றாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நானே நேத்துத்தான் பாத்தேன். நான் சொல்லித் தாரேன்னேன். நக்கோன்னுட்டாக. அந்த ஒரு சொல்லை மட்டும் நல்லாப் படிச்சிருக்காக."

"கைக்கு? ஏன், உன்கிட்டக் கேட்டா என்னவாம்?"

"பொண்டாட்டிகிட்டத் திருட்டுத்தனமாப் படிச்சிட்டு வந்தாருன்னு உன் தம்பி அதையும் ஒரு பாயிண்டா சேத்துக்கிடுவான்கிறாக. சேத்துக்கிடுவியா மாட்டியா?"

சேர்த்துக்கொண்டிருப்பேன்.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமே அக்கா."

"எப்பக் கேக்க? நீ மூச்சு விடுற நேரத்துலயா?" என்றவள், சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கோயம்புத்தூர் ஆபீசுல ஒரு இடம் காலியாம். வேணுமா வேண்டாமான்னு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். 'இந்த ஊருல எனக்குன்னு இருக்கிறதே சனிக்கிழமை ரெண்டு மணி நேரம், அதுலயும் நான்தான் கோமாளி'ன்னாக. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. அவுக போனா நானும் போவேன்ல. வேலையை விட்டுட்டு."

உள்ளே அத்தான் ஆங்கிலத்தில் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நிதானமான, தெளிவான குரல். குறுக்கிடாமல் கேட்கிறவர்களிடம் அவர் இப்படிப் பேசுவார் என்பதை அன்றுதான் அறிந்தேன். தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

வீடு திரும்பும் பேருந்தில் ஒரு மன்னிப்புரையை மனத்துக்குள் கட்டினேன். முன்னுரை, மூன்று உட்பிரிவுகள், உருக்கமான முடிவு. திருமுல்கெரி தாண்டும்போது அது ஏறத்தாழ முழுமை பெற்றிருந்தது. அப்போதுதான் அதன் குறை எனக்கு உறைத்தது. அதிலும் பேசுகிறவன் நான்தான். அந்த உரையைக் கைவிட்டேன். நல்ல உரை அது. இன்றும் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எல்லாரும் கூடினோம். ஆட்டத்தைத் தொடங்காமல், மேசைமேல் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒருமுறை தட்டினேன்.

"இன்னைக்கு முதல் பேச்சு அத்தான். நாலு நிமிஷம். நடுவுல யாரும் பேசக் கூடாது. நானும்தான்."

"டேய், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் பெரியப்பா மகள்.

"எனக்கென்னங்க பேச்சு, தெரியாதவன்..." என்றார் அத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மேடையில் ஐந்து நொடி மௌனம் ஓர் உத்தி. இங்கே அது இருபது நொடி நீண்டது. உத்தி என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவும் மிஞ்சவில்லை. கரண்டியை இறுகப் பிடித்தபடி காத்திருந்தேன்.

கடைசியில் அவர் கேட்டார்: "ஏனுங்க, இந்தப் பெரியப்பா வீட்டு மாடி எங்கீங்க இருக்குது?"

சித்தி மகன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான்.

"அத்தான்... அது தெரியாமலா இத்தனை வாரம் ஆடுனீங்க?"

"தெரியாமத்தானுங்க. கல்யாணத்துக்கப்புறம் உங்க பெரியப்பா வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தனுங்க. ரெண்டு தடவையும் லிப்டுலதான் போனோம். மாடிப்படியே கண்ணுல படலீங்க."

"ஐயோ, அது பழைய வீடு அத்தான்!" என்று பெரியப்பா மகள் தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை ஒலிவாங்கியில் கேட்டது. "யாருமே சொல்லலையா? டேய், நீ சொல்லலையா?"

"இல்லை," என்றேன். அந்த ஒரு சொல்லுக்குமேல் விளக்கம் சேர்க்காமல் இருக்க நான் பட்ட பாட்டைச் சாட்சியான நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

"இன்னொண்ணுங்க தம்பி," என்றார் அத்தான். இப்போது அலுவலகக் கதவுக்குப் பின்னால் நான் கேட்ட அதே குரல். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஆட்டத்துல எதிரியோட காலடிச் சத்தம் காதுல கேக்குமுங்க. நீங்க பேசறப்ப கேக்கறதில்லீங்க. நாம தோத்த ஆட்டத்துல பாதிக்கு மேல, நீங்க பேசிட்டிருக்கறப்பத்தான் பின்னால வந்தாங்க."

"ஹவ்!" என்று இருவரும் ஒரே குரலில் ஆமோதித்தார்கள். "அஞ்சு வருஷமா இதை யாரும் சொல்லலையே!" என்றான் சித்தி மகன். புதிதாக வந்தவரின் காதுதான் அதைக் கேட்டது. எங்கள் காதுகள் என் குரலுக்குப் பழகிப்போயிருந்தன.

டம்ளரைத் தட்ட மறந்துவிட்டேன். நான்கு நிமிடம் எப்போதோ கடந்திருந்தது.

அன்றைய முதல் ஒரு மணி நேரம் நாங்கள் ஆடவே இல்லை. எதிரிகள் இல்லாத பயிற்சி நகரத்தைத் திறந்து, அத்தானோடு தெருத்தெருவாக நடந்தோம். பெரியப்பா மகள் மதில் ஓரமாக அவரைக் கூட்டிப்போய், எந்த இடத்தில் குனிந்தால் தலை தெரியாது என்று காட்டினாள். சித்தி மகன் கிடங்குகளுக்கு நடுவே நின்றான்.

"இதான் அத்தான் மல்லாபூர். எங்க தெரு மாதிரியே இல்ல?"

"உங்க தெருவ நான் பாத்ததே இல்லீங்களே."

"பாக்கலையா? அப்ப நாளைக்கு வாங்க. ஆராதனை முடிஞ்சதும் நேரா எங்க வீடு. அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கு."

நகரத்தின் வடக்கு மூலையில் நாணல் சூழ்ந்த ஒரு குளம் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. ஆகவே அதற்குப் பெயரும் இல்லை. அத்தான் அங்கே நின்றுவிட்டார்.

"இதுக்குப் பேரு இல்லீங்களா? அப்படின்னா சிங்காநல்லூர்னு வெச்சுக்கலாங்களா? எங்கூட்டுக்குப் பக்கத்துல இப்படித்தான் ஒரு குளம் இருக்குதுங்க."

"வச்சாச்சு!" என்றாள் பெரியப்பா மகள், எங்கள் யாரையும் கேட்காமல்.

பிறகு ஆடினோம். தேவையான இரண்டொரு சொல்லைத் தவிர என் ஒலிவாங்கியை அணைத்தே வைத்திருந்தேன். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது சைனிக்புரித் தெருவில் அடிபட்டு வீழ்ந்தேன். கூப்பிடுவதற்குள் பெரியப்பா மகளும் சித்தி மகனும் கொடிமேடையில் மாட்டிக்கொண்டார்கள். அரை நிமிடக் கணக்கு திரையில் குறைந்துகொண்டே வந்தது. எட்டு, ஏழு. நாணலுக்குள்ளிருந்து ஓர் உருவம் ஓடி வந்தது. நேரான ஓட்டம், ஒரு திருப்பமும் பிசகவில்லை.

"எந்திரிங்க தம்பி," என்றார் அத்தான். "சிங்காநல்லூர்ல இருந்து குறுக்கு வழி இருக்குதுங்க. பழைய ஆளுங்களுக்குத் தெரியாது."

அந்த ஆட்டத்திலும் தோற்றோம், ஆனால் நூலிழையில். சித்தி மகன் அன்றிரவு சாப்பிட்டான் என்று பின்னர் சித்தி சொன்னார்.

மறுநாள் அத்தான் மல்லாபூருக்குப் போனார். மதியம் போனவரை இருட்டிய பிறகுதான் விட்டார்கள். வெள்ளிக்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "வேண்டாம்னு எழுதிட்டாகல. இப்போதைக்கு. கேட்டா, சனிக்கிழமை சாயங்காலம் வேலை இருக்குங்கிறாக." அவள் குரலில் என்னைப் பாராட்டும் தொனி எதுவும் இல்லை, நானும் அதைத் தேடவில்லை. சரி, கொஞ்சம் தேடினேன்.

அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குமுன், நான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரே ஒருமுறை, முறைப்படி. எழுந்து நின்றேன். "என் அன்புக்குரிய அணியினரே" என்று தொடங்கினேன். அறியாதவரின் பிழைக்கும் அறிவிக்காதவரின் பிழைக்கும் உள்ள தொலைவைச் சொன்னேன். கேட்க வந்தவனைக் கேள்வி கேட்கவிடாத நாவின் ஆணவத்தைச் சொன்னேன். குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தி, ஒரு வாக்குறுதியை நான்கு அடுக்குகளாகக் கட்டி, உச்சத்தில் நிறுத்தி, மௌனம் காத்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த முடிவுரை அது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

மறுமுனையில் சித்தி மகன் சொன்னான்: "அண்ணா எங்க போயிட்டான்? தூங்கிட்டானா?"

"வருவாருங்க, பொறுங்க," என்றார் அத்தான்.

திரையில் என் பெயருக்குப் பக்கத்தில், ஒலிவாங்கிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. போன வாரம் அணைத்தது.

உட்கார்ந்தேன். ஒலிவாங்கியைத் திறந்தேன். நான்கு அடுக்குகளில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. நினைவில் இருந்ததை, மூவர் காதிலும் விழும்படி, உரக்கச் சொன்னேன்:

"அத்தான், இனிமே நம்ம அணிக்குப் புதுசா யாரு வந்தாலும், முதல்ல அவங்களக் கூட்டிக்கிட்டு ஊரச் சுத்திக் காட்டுவேன். அப்புறம் அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் பேச மாட்டேன்."